மோவாயா, தாடையா

என் மோவாயைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் இனி யாரும் பாக்கி இல்லை. எங்கள் போட்டோ ஸ்டுடியோவுக்குப் பக்கத்துக் கடையில் சாவி செய்து கொடுக்கிறவர்கூட நேற்று என்னை நிறுத்தி, "சின்ன ஆபரேஷனே போதும்மா, பெருசெல்லாம் எதுக்கு" என்றார். அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டாம். என் அண்ணன் வாயில் எதுவும் தங்காது.

விஷயம் இதுதான். எனக்குக் கீழ்த்தாடை பின்னால் தள்ளி இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் கீழுதட்டோடு முகம் முடிந்துபோய்க் கழுத்து ஆரம்பித்துவிடும். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழையும். ஆப்பிளைக் கடிக்க முடியாது, நறுக்கித்தான் தின்ன வேண்டும். வீட்டில் என்னைக் கிளி என்று கூப்பிடுவார்கள். ஏதோ செல்லப் பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். எனக்கு ஏழு வயதானபோது அண்ணன் என் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வைத்த பெயர் அது.

முகத்தை முப்பது வருடம் பொறுத்துக்கொண்டேன். தலைவலியைத்தான் பொறுக்க முடியவில்லை. எட்டு மணி நேரம் தூங்கினாலும் காலையில் அடித்துப் போட்டாற்போல எழுந்திருப்பேன். பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவேன். அண்ணனுடைய போட்டோ ஸ்டுடியோவில் படங்களைத் திருத்துவதுதான் என் வேலை. ஒரு நாள் ஒரு மணப்பெண்ணின் நெற்றிப் பருவைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் பெண்ணுக்கு ஒரு புருவத்தைக் காணோம். அன்றைக்குத்தான் அண்ணன், "முதல்ல போய் ஒரு டாக்டரைப் பாரு" என்றான்.

ஒரு டாக்டரைப் பார்த்திருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். நான் இரண்டு பேரைப் பார்த்துத் தொலைத்தேன்.

முதலாமவருக்கு நான் வைத்த பெயர் மோவாய் டாக்டர். வழவழப்பான தரை, வாசனை தெளித்த அறை, சிரித்த முகம். என்னைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, திரையில் போட்டு, மோவாயை மவுஸால் பிடித்து முன்னால் இழுத்தார். "மோவாய் எலும்பை மட்டும் வெட்டி முன்னால நகர்த்தி ஸ்க்ரூ போட்டுடுவோம். ஒன்றரை மணி நேரம். மறுநாள் வீட்டுக்கு, அடுத்த வாரம் வேலைக்கு. பாருங்க, எவ்ளோ மாறிடுச்சு!" பார்த்தேன். மோவாயை இழுத்தவர் கழுத்தில் விழ வேண்டிய நிழலைப் போட மறந்துவிட்டார். எங்கள் ஸ்டுடியோவாக இருந்தால் அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பியிருப்போம். பல் கடிப்பது சரியாகுமா என்று கேட்டேன். "அது வேற விஷயம்" என்று சிரித்தார்.

இரண்டாவது தாடை டாக்டர். நடுத்தர வயதுப் பெண்மணி. சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர். படம் எதையும் அவர் இழுத்துக் காட்டவில்லை. எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "பிரச்சினை மோவாய்ல இல்ல, மொத்தத் தாடையும் பின்னால இருக்கு. பல்லுக்குக் கம்பி மாட்டி ஒன்றரை வருஷம் வரிசைப்படுத்தணும். அப்புறம் தாடையை ரெண்டு பக்கமும் வெட்டி முன்னால கொண்டு வருவோம். நாலஞ்சு மணி நேர ஆபரேஷன். ஆறு வாரம் குடிக்கறது மட்டும்தான். கீழுதடு மாசக்கணக்குல மரத்திருக்கும். சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாவே மரத்துப் போகும்."

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு பாடு எதுக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

"தாடை பின்னால போனா நாக்கும் பின்னால போகும். மூச்சு போற வழி குறுகிடும். குறட்டை உண்டா? தூக்கத்துல மூச்சு நிக்குதா? பக்கத்துல படுக்கறவங்க யாராவது கவனிச்சிருக்காங்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். கொஞ்ச வருடமாக அம்மா என் அறையில்தான் படுக்கிறாள்.

"அதெல்லாம் இல்ல டாக்டர். படுத்தா அசையாம தூங்குவா" என்றாள் அம்மா.

தாடை டாக்டர் தலையாட்டி ஏதோ எழுதினார். தூக்கத்தைச் சோதிக்கிற மெஷினுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அவசரம் இல்லையென்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். "அடுத்த தடவை பழைய படங்கள் கொண்டு வாங்க. பத்து வருஷத்துக்கு முன்னால இருந்து, பக்கவாட்டுல தெரியற மாதிரி. தாடை எப்பவுமே இப்படியா, இல்ல மாறிட்டு வருதான்னு பார்க்கணும்."

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அண்ணன் மோவாய்க் கட்சி. ஒரு வாரத்தில் நான் வேலைக்குத் திரும்பிவிடுவேன் என்பது அவன் கணக்கு. ஆறு வாரம் நான் இல்லாமல் போனால் பருக்களை யார் துடைப்பது? அண்ணி இரண்டு கட்சியிலும் இருந்தாள். காலையில் ஒன்று சொல்வாள், சாயங்காலம் யாரோ ஒரு தோழியிடம் கேட்டு வந்து வேறொன்று சொல்வாள். அம்மாதான் விடாப்பிடியாக நின்றாள்.

"மோவாக்கட்டை போதும். ஊசி போட்டு மரக்க வெச்சு முடிச்சுடுவாங்க. தாடைய அறுக்கற வேலையெல்லாம் வேணாம்."

"மோவாய்க்கும் மயக்க மருந்து உண்டும்மா."

"ஒன்றரை மணி நேரம்தானே."

"எனக்கு ஆப்பிள் கடிக்கணும். தலைவலி போகணும். மோவாயை மட்டும் ஒட்டவெச்சா அதெல்லாம் போகுமா?"

"முப்பது வருஷமா நறுக்கித்தானே சாப்பிட்ட. இப்ப என்ன திடீர்னு ஆப்பிள்?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. என் வாய், என் பல், என் எலும்பு. ஆனால் எனக்கு ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் நாலு பேர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்கே தெளிவில்லை. மூச்சுக்காகத் தாடை வேண்டுமா, கண்ணாடிக்காக மோவாய் வேண்டுமா என்று யாராவது என்னை உட்கார வைத்துக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் 'வீடு' என்ற பெயரில் இருக்கும் எங்கள் குடும்பப் படங்களில் தேடினேன். பக்கவாட்டில் நான் தெரிகிற நான்கு படங்கள் கிடைத்தன. பத்தொன்பது வயதில் சான்றிதழ் வாங்குவது, இருபத்து மூன்றில் அண்ணன் கல்யாணத்தில் அண்ணிக்குப் பூ வைத்துவிடுவது, இருபத்தாறில் கேக் வெட்டுவது, இருபத்தெட்டில் ஜன்னலோரம் நிற்பது. கை போன போக்கில் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அம்மா காத்திருந்தாள், படங்களை நான் சரியாகப் பார்க்கவில்லை.

தாடை டாக்டர் நான்கையும் வரிசையாகத் திரையில் வைத்தார். ஐந்தாவதாகப் போன தடவை அவர் எடுத்த படத்தை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் முகம் மாறிவிட்டது.

"ஏன் இதை முன்னாடியே சொல்லல?"

"எதை டாக்டர்?"

"இங்க பாருங்க. பத்தொம்போது வயசுல உங்க தாடை நல்லா இருக்கு. நல்லான்னா, நான் மாணவங்களுக்குக் காட்டற அளவுக்கு நல்லா இருக்கு. இருபத்தெட்டுலயும் பரவால்ல. இப்ப காணோம். ரெண்டு வருஷத்துல இவ்வளவு பின்னால போகுதுன்னா காதுக்கு முன்னால இருக்கற மூட்டு தேஞ்சுட்டு வருதுன்னு அர்த்தம். எக்ஸ்ரேல மூட்டு கொஞ்சம் சின்னதாத்தான் தெரிஞ்சது. பிறவியிலயே அப்படின்னு நெனச்சேன். தேயறது நிக்கற வரைக்கும் நான் கத்தியைத் தொட மாட்டேன். ஆறு மாசத்துல ஒரு ஸ்கேன், பன்னண்டுல ஒண்ணு. அப்புறம்தான் பேச்சே."

நான் திரையையே பார்த்தேன். இருபத்து மூன்று வயதுக்காரியின் மோவாய்க்குக் கீழே, கழுத்தில் ஒரு நிழல், ஓரத்தில் மெல்லக் கரைந்து விழுந்திருந்தது. அவ்வளவு கச்சிதமாக நிழல் போட இந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அப்போது டாக்டருக்கு எதிரே பென் டிரைவ் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினெட்டு வயதில் ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து கண்ணில் பட்ட என் படம் ஒன்றையும் விட்டதில்லை. வருகிறவர்களுக்கு மருவை எடுக்கிறேன், வழுக்கையை மூடுகிறேன், அதே வேகத்தில் எனக்கும் ஒரு மோவாய். யோசித்துச் செய்ததில்லை. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் படுக்கும்போது கழற்றி வைக்கிறார்களே, அந்த மாதிரி கை தானாகச் செய்யும். செய்தது மறந்தும் போய்விடும்.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே, "டாக்டர், அது நான் வரைஞ்ச தாடை" என்று சொல்லியிருந்தால் அரை நிமிட அவமானத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒருவர் என் தாடையை நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டார். வெட்கத்தில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. இதில் அம்மா வேறு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா டாக்டர், நல்லாத்தான் இருந்துச்சு இவளுக்கு. எப்படி இருந்த பொண்ணு" என்றாள்.

என்னைப் பெற்றவள் சொல்கிறாள்! ஏழு வயதில் கிளி என்று பெயர் வைத்தபோது கூடச் சேர்ந்து சிரித்தவள். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த முகத்தைப் பன்னிரண்டு வருடம் பார்த்துப் பார்த்து, அதுதான் என் முகம் என்று நம்பிவிட்டாள்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "அவங்கதான் ஒரு வருஷம் தொட மாட்டேன்னுட்டாங்களே. நாம மோவாக்கட்டை டாக்டர்கிட்டயே போயிடலாம்." அவள் குரலில் நிம்மதி இருந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

ஸ்டுடியோவுக்கு வந்து திருத்தாத அசல் படங்களைத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று தெரிந்தேதான் தேடினேன். எங்கள் ஸ்டுடியோவில் ஒரு சட்டம் உண்டு. திருத்திய படத்தை அசலின் மேலேயே சேமிக்க வேண்டும். இரண்டையும் வைத்தால் கம்ப்யூட்டரில் இடம் அடைக்கும், ஆளும் குழம்பும் என்பது அண்ணனின் கொள்கை. நடந்ததை அவனிடம் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் முகம் சுருங்கியது.

"டாக்டர்கிட்டப் போய் இதெல்லாம் சொல்லாத. ஊர் பூரா நம்ம படம்தான் இருக்கு. எல்லாரும் அசலைக் கேட்டு வந்து நின்னா நான் எங்க போறது?"

"எனக்கு மூட்டு தேயுதுன்னு எழுதி வெச்சிருக்காங்கண்ணா! இல்லாத நோய்க்கு ஒரு வருஷம் காத்திருக்கணுமா?"

"உன்னை யாரு அவ்வளவு நல்லா வரையச் சொன்னது?"

சொந்தக்காரர்கள் வீட்டில் கேட்கலாமா என்று பார்த்தேன். எல்லாக் கல்யாணத்துக்கும் கேமரா எங்களுடையது. என் அடையாள அட்டையில் இருக்கும் படம் எங்களுடையது. அண்ணியின் போனில் இருக்கும் குடும்பப் படங்கள்கூட நான் அனுப்பியவை. அவளே எடுத்த ஒன்றிரண்டில் நான் நேராகக் கேமராவைப் பார்த்து, மோவாயைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறேன். சின்ன வயது ஆல்பத்திலும் பக்கவாட்டில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் என் முகத்துக்கு ஒரு சாட்சி இல்லை. எல்லாவற்றையும் நானே அழித்திருக்கிறேன், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். சுவரில் இருப்பது நான் இல்லை, என் தாடை என்றைக்கும் இப்படித்தான், உனக்குமா மறந்துபோச்சு என்று கத்தினேன். "ஒரே ஒரு நிஜப் படம் வேணும். பழசா, பக்கவாட்டுல. அது இல்லாம அந்த டாக்டர் என்னைத் தொட மாட்டாங்க. நான் இப்படியே தூங்கி விழுந்து, தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

அம்மா குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அறைக்குப் போய்த் தன் போனை எடுத்து வந்து, எதையோ திறந்து, என்னைப் பார்க்காமல் நீட்டினாள்.

வீடியோக்கள். இருபதுக்கு மேல் இருக்கும். முதலாவது நான்கு வருடத்துக்கு முந்தியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்துச் சோபாவில் நான் மல்லாந்து தூங்குகிறேன். பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் நெற்றி, மூக்கு, திறந்த வாய், அதற்குக் கீழே நேராகக் கழுத்து. இன்றைக்குக் கண்ணாடியில் பார்த்த அதே தாடை, மயிரிழைகூட மாறவில்லை. குறட்டை கேட்கிறது. திடீரென்று நிற்கிறது. மார்பு எழும்புகிறது, காற்று போகவில்லை. கேமரா நடுங்குகிறது. "விடு... விடுடி... மூச்சு விடு கிளி" என்று அம்மாவின் குரல் கிசுகிசுக்கிறது. பிறகு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவள் மாதிரி நான் மூச்சை இழுக்கிறேன். கண்ணைத் திறக்கவே இல்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றேன். "நாலு வருஷமாத் தெரியுமா? அந்த டாக்டர் முகத்துக்கு நேரா கேட்டாங்களே. அசையாம தூங்குவான்னு சொன்னியே!"

"சொன்னா அறுத்துடுவாங்க."

"அறுக்கத்தானே போனோம்!"

"கத்தாத. நீ சும்மா தூங்கும்போதே மூச்சு நிக்குது. அஞ்சு மணி நேரம் மருந்து குடுத்துத் தூங்க வெச்சா நீ எழுந்திருப்பியா?" அம்மாவின் உதடு கோணியது. "மோவாக்கட்டைன்னா சீக்கிரம் முடிஞ்சிரும். சீக்கிரம் எழுப்பிடுவாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அவளை உலுக்க வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனேன்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் மறுபடி தாடை டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். நான்கு படங்களும் என் கைவேலை, அசல் இல்லை, மூட்டு தேயவில்லை, மன்னிக்க வேண்டும். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் மூணு நாளா மத்த டாக்டர்களோட உக்காந்து பேசினது நீங்க வரைஞ்ச தாடையப் பத்தியா?"

"ஆமா டாக்டர்."

"நல்லா வரையறீங்க" என்றார். அது பாராட்டு இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

போனை வாங்கி முதல் வீடியோவையும் கடைசி வீடியோவையும் பார்த்தார். மறுபடி பார்த்தார், இந்தத் தடவை கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு. "முப்பத்தாறு செகண்ட்" என்றார். பிறகு அம்மாவிடம், திட்டுகிற மாதிரியும் இல்லாமல் ஆறுதல் மாதிரியும் இல்லாமல் பேசினார். "மூச்சு நிக்குதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சாத்தான் மயக்க மருந்து குடுக்கற டாக்டர் அதுக்கு ஏத்த மாதிரி தயாரா இருப்பார். நீங்க மறைச்சுட்டு மோவாய்க்குக் கூட்டிட்டுப் போயிருந்தீங்கன்னா, ஆபத்து அங்கதான். அப்புறம், மோவாயை மட்டும் நகர்த்தினா இந்த மூச்சு சரியாகும்னு நான் நம்பி விட மாட்டேன்."

அம்மா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள்.

"தாடை அப்போ இருந்த மாதிரியேதான் இருக்கு. எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்று பேனாவை எடுத்தார் டாக்டர். "இது மதியத் தூக்கம். ராத்திரில எப்படி? ஏதாவது கவனிச்சிருக்கீங்களா?"

"நான் எண்ணின வரைக்கும் முப்பது, நாப்பது தடவை நிக்கும் டாக்டர். தோள்ல லேசாத் தட்டினா மறுபடி விட ஆரம்பிச்சுடுவா." தப்புச் செய்தவள் மாதிரி அம்மாவின் குரல் இறங்கியது. "மூணு மணிக்கு மேல நான் அசந்துடறேன். அதுக்கப்புறம் எத்தனைன்னு எனக்குத் தெரியல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "தினமுமா?"

"தினமும்தான்."

நான்கு வருடத்துக்கு முன்னால் அம்மா தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தபோது, இந்த வீட்டில் ஒரு மனுஷி தனியாகப் படுக்கக்கூட முடியாதா என்று கத்தியவள் நான். புழுக்கமாக இருக்கிறது, உன் ஜன்னலில்தான் காற்று வருகிறது என்றாள் அவள். இப்போது எனக்கு வந்த கோபத்தை யார் மேல் போடுவது என்று தெரியவில்லை. அவள் மேல், என் மேல், அந்த நான்கு படங்கள் மேல்.

"கம்பி எப்ப மாட்டலாம் டாக்டர்?" என்று கேட்டேன்.

"தாடைதான்னு முடிவு பண்ணிட்டீங்களா? உதடு மரக்கறது, ஆறு வாரம், எல்லாம் சொல்லியிருக்கேன்."

"தாடைதான்."

"ஸ்கேன் வந்ததும் மாட்டலாம். ஆபரேஷனுக்கு ஒன்றரை வருஷம் ஆகும். அதுவரைக்கும் ராத்திரி மாட்டிக்க ஒரு மெஷின் ஏற்பாடு பண்றேன். காத்தைத் தள்ளிக்கிட்டே இருக்கும், மூச்சு நிக்காது. தூக்கச் சோதனையையும் அவசரம்னு எழுதி இந்த வாரமே வாங்கித் தரேன்." டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "மெஷின் வந்துட்டா நீங்க நிம்மதியாத் தூங்கலாம்மா."

அம்மா அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"மெஷின் நின்னுட்டா?" என்று கேட்டாள்.

"நின்னா நானே எழுந்துக்கறேன், நீ தூங்கும்மா!" என்று கத்தினேன். வெளியே வராந்தாவில் முறைக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.